900 லிட்டர் தொட்டியில் மாடு குடிப்பது எவ்வளவு?

எட்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். கெட்டியான பிளாஸ்டிக்கில் செவ்வகத் தொட்டி, ஒரு மூலையில் மூடி போட்ட மிதவை வால்வு. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 900 லிட்டர் என்று போட்டிருக்கிறார்கள். என்னிடம் இருக்கும் 24 கறவை மாடுகளுக்காக இதை வாங்கிப் போட்டு, ஒரு கோடை முழுக்கப் பார்த்தாகிவிட்டது. தொட்டி நல்ல தொட்டிதான். ஆனால் அந்த 900-ஐ நம்பி மாட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

ஒரு கன அடிக்கு 28 லிட்டர் என்று பெருக்கிப் பார்த்தால் 900 கிட்டத்தட்ட வந்துவிடுகிறது, பொய்யில்லை. ஆனால் அது விளிம்பு வரை நிரம்பினால். மிதவை ஆறு இஞ்ச் கீழேயே தண்ணீரை நிறுத்திவிடுகிறது. அதிலேயே 220 லிட்டருக்கு மேல் போச்சு. அடியில் கிடக்கும் மூன்று இஞ்ச் தண்ணீரும் கணக்கில் சேராது. மாடு மூஞ்சியை நன்றாக முக்கி உறிஞ்சும் பிராணி, தரையோடு கிடப்பதை நக்கிக்கொண்டு நிற்காது. அதில் இன்னொரு 110 போக, மாட்டுக்கு உண்மையில் கிடைப்பது 560 லிட்டர்.

இது போதுமா என்றால், ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும் என்பதை வைத்துச் சொல்ல முடியாது. கறக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 3 முதல் 5 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பார்கள். வெயில் ஏறினால் அதற்கும் மேலே. அந்தக் கணக்கு மோட்டாருக்கும் மேல்தொட்டிக்கும் சரி. குடிக்கும் தொட்டிக்குப் பார்க்க வேண்டியது கறந்து முடித்த பிறகு வரும் நேரத்தை. அன்றைய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்போதே குடித்துவிடும். என் மாடுகள் கறவை முடிந்ததும் மொத்தமாக வந்து முட்டுகின்றன. தலைக்கு 30 லிட்டர் என்றாலும் 24 மாட்டுக்கு 720.

தொட்டியை வேலியை ஒட்டிப் போட்டிருப்பதால் ஒரு பக்கம்தான் குடிக்க முடியும். மாட்டுக்கு இரண்டடி இடம் என்றால் நான்கு மாடு நிற்கும். பத்தில் ஒரு மாடாவது ஒரே நேரத்தில் குடிக்க இடம் வேண்டும் என்ற கணக்குக்கு இது தாராளம். ஆனால் மந்தையில் ஒரு கிழவி இருக்கிறாள், ஒரு கொம்பு மழுங்கியவள். குடித்து முடித்தாலும் நகர மாட்டாள். வாயிலிருந்து தண்ணீர் ஒழுக, நடுவில் குறுக்கே நின்றுகொண்டு, பக்கத்தில் வரும் தலைஈற்றுக் கிடாரியை ஒரு முறை திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான், அது போய்விடும். நான்கு பேர் இடம் அப்போது இரண்டு பேர் இடம்.

அடுத்தது வால்வு. என் அதிருப்தி முழுக்க இதில்தான். கூடவே வந்தது அரை இஞ்ச் வால்வு. 20 லிட்டர் வாளியை வைத்துப் பார்த்தேன், நிரம்ப இரண்டு நிமிடம். அதாவது நிமிடத்துக்கு 10 லிட்டர். ஒரே ஒரு மாடு தாகத்தோடு குடித்தாலே நிமிடத்துக்கு 10 முதல் 20 லிட்டர் இழுக்கும். நான்கு மாடு நிமிடத்துக்கு 60 இழுத்தால், வால்வு தரும் 10 போகவும் பதினோரு நிமிடத்தில் தொட்டி தரை தட்டிவிடும். மிச்சம் நிற்கும் இரண்டு மூன்று மாடும் யாரென்று சொல்ல வேண்டியதில்லை: கிழவி விரட்டிய அதே கிடாரிகள். தண்ணீர் குறைந்தால் பால் குறையும். தீவனத்தில் குற்றம் தேடுவோம்.

வால்வையும் வரும் குழாயையும் ஒரு இஞ்சுக்கு மாற்றினேன். இப்போது அதே வாளி நாற்பது வினாடியில் நிரம்புகிறது. கடைசி மாடு குடித்துப் போகும்போதும் எட்டு இஞ்ச் தண்ணீராவது நிற்கிறது. வால்வை மட்டும் மாற்றிவிட்டுக் குழாயை அப்படியே விட்டால் பிரயோஜனம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதைவிடப் பெரிய தொட்டியாக வாங்கியிருக்கலாமே என்று கேட்டார்கள். வேண்டாம். தண்ணீர் மாறாமல் நின்றால் பாசி பிடிக்கும், நாற்றம் வரும், மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கிக்கொள்ளும். கழுவ வேண்டும் என்றால் அத்தனை தண்ணீரையும் வெளியே விட வேண்டும், யாருக்கும் மனசு வராது. நாற்பது மாடு இருந்தால் இதே அளவில் இரண்டு வாங்கி, தள்ளித் தள்ளிப் போடுங்கள். ஒரு கிழவியால் இரண்டு இடத்தில் நிற்க முடியாது. மேய்ச்சல் நிலத்துக்குள்ளேயே தண்ணீர் இருந்தால் மாடுகள் ஒன்றிரண்டாகத்தான் வரும். அங்கே இதில் பாதி அளவு தொட்டியே போதும், வால்வு மட்டும் பெரிசாக இருக்கட்டும்.

மற்றதெல்லாம் சில்லறை. உள்மூலைகள் வளைவாக இருப்பதால் தேய்க்கச் சுலபம். வடிகால் தக்கையை அடியிலிருந்து இரண்டு இஞ்ச் மேலே வைத்திருக்கிறார்கள், ஏன் என்று அவர்களுக்கே வெளிச்சம். கசடை முறத்தால் அள்ள வேண்டியிருக்கிறது. மிதவை மூடியின் கொக்கி ஒரு மாடு கழுத்தைத் தேய்த்ததில் உடைந்தது, இப்போது கம்பி கட்டியிருக்கிறேன். இரண்டடி உயரம் பெரிய மாட்டுக்குச் சரி, சின்னக் கன்றுக்கு எட்டாது. அவற்றுக்கு ஒன்றேகால் அடி உயரத்தில் தனியாக ஒன்று போட்டு, உள்ளே விழுந்தால் ஏறி வர ஒரு கல்லும் வைத்திருக்கிறேன்.

தொட்டிக்கு நான்கு நட்சத்திரம், வால்வுக்கு ஒன்று. இருபது இருபத்தைந்து மாடு உள்ளவர்கள் தைரியமாக வாங்கலாம், ஒரு இஞ்ச் வால்வுக்குத் துளை போட இடம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.