1724-ல் வந்த கொள்ளையர் வரலாறு: பல வருடம் புரட்டிய பிறகு

கருந்தாடி, ஆன் போனி, பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்று இன்று உலவும் கடற்கொள்ளையர் கதைகளில் பெரும்பாலானவை 'எ ஜெனரல் ஹிஸ்டரி ஆஃப் தி பைரேட்ஸ்' என்ற ஒரே புத்தகத்தில் இருந்து கிளம்பியவை. 1724-ல் லண்டனில் வந்தது. ஆசிரியர் கேப்டன் சார்லஸ் ஜான்சன் என்று போட்டிருக்கும். புனைபெயராம், ஆள் யாரென்று இன்றுவரை உறுதியாகவில்லை. காப்புரிமை முடிந்துபோன சரக்கு என்பதால் இலவசமாகவே கிடைக்கிறது. என் போனில் பல வருடமாக இருக்கிறது.

ஸ்கேன் செய்த பழைய பிரதியை மட்டும் இறக்காதீர்கள். அந்தக் கால அச்சில் 'எஸ்' பல இடங்களில் 'எஃப்' மாதிரியே இருக்கும். பெயர் போட்டுத் தேடினால் பாதி சிக்காது. புதிதாகத் தட்டச்சு செய்த பிரதி நல்லது.

நான் அடிக்கடி திரும்பிப் போவது ராபர்ட்ஸ் அத்தியாயத்துக்கு. அவன் கப்பலின் விதிகளைப் பாருங்கள்: இரவு எட்டு மணிக்கு விளக்கணைக்க வேண்டும், அதற்குமேல் குடிப்பவன் மேல்தளத்துக்குப் போக வேண்டும், காசு வைத்துச் சூதாடக் கூடாது, கை கால் இழந்தவனுக்குப் பொதுப்பணத்தில் 800 டாலர். வாத்தியக்காரர்களுக்கு ஞாயிறு விடுமுறை வேறு! கொள்ளைக் கப்பலா, ஹாஸ்டலா என்று கேட்கத் தோன்றும். 1722 பிப்ரவரியில், ஆப்பிரிக்க மேற்குக் கரையின் லோபெஸ் முனை அருகே, 'ஸ்வாலோ' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் குண்டு அவன் தொண்டையில் பாய்ந்தது. பிடிபட்ட அவன் ஆட்களில் 52 பேரை, அதே கரையிலுள்ள கேப் கோஸ்ட் கோட்டையில் விசாரித்துத் தூக்கிலிட்டார்கள். இந்த விசாரணைப் பக்கங்கள்தான் புத்தகத்தின் உயிர்.

கோர்ட் வாடை அடிக்கும் இடங்களைப் பெரும்பாலும் நம்பலாம். பெண் கொள்ளையர்களான ஆன் போனியும் மேரி ரீடும் 1720-ல் ஜமைக்காவில் தண்டனை பெற்றதும், வயிற்றில் பிள்ளை இருப்பதாகச் சொல்லித் தூக்கைத் தள்ளிப்போட்டதும் நடந்தவை. ஆன் போனியின் சிறுவயதுக் கதையோ, நாடக வசனம் மாதிரி ஓடுகிறது, வேறெங்கும் சான்றில்லை. 1728-ல் வந்த இரண்டாம் பாகத்தில் மடகாஸ்கரில் குடியரசு அமைக்கும் கேப்டன் மிஸ்ஸன், சுத்தக் கற்பனை.

இதில் வேடிக்கை ஹென்றி ஏவரியின் அத்தியாயம். 1695-ல் முகலாயரின் 'கஞ்ச்-இ-சவாய்' கப்பலைச் சூறையாடியவன். அவன் முகலாய இளவரசியை மணந்து ராஜாவாக வாழ்ந்தான் என்ற ஊர்ப்பேச்சை ஆசிரியர் கிண்டலடித்துத் தள்ளுகிறார். அப்புறம், சவப்பெட்டி வாங்கக்கூடக் காசில்லாமல் இங்கிலாந்தின் பிடஃபோர்டில் செத்தான் என்று அவரே ஒரு கதை சொல்கிறார். அதற்கும் ஆதாரம் கிடையாது.