ரிஷ்கோவ் பிளானா, 500 நாள் பிளானா?

போன மாசம் எங்க வாசிப்பு வட்டத்துல 1990 சோவியத் பத்திப் பேச்சு வந்துச்சு, ஆளுக்கு ஒரு பக்கம் எடுக்கச் சொன்னாங்க, நான் 500 நாள் திட்டத்தை எடுத்தேன். வாதத்துக்குன்னு எடுத்தது, படிக்கப் படிக்க நெஜமாவே அந்தப் பக்கம் சாஞ்சுட்டேன்.

சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறணும்ங்கறதுல ரெண்டு தரப்புக்கும் சண்டை இல்ல. பிரதமர் ரிஷ்கோவ் அரசு கட்டுப்பாட்டோட மெதுவா போலாம்னாரு, பொருளாதார நிபுணர்கள் ஷட்டாலின், யாவ்லின்ஸ்கி குரூப் 500 நாள்ல முடிச்சிரலாம்னாங்க. அந்தக் கெடு ஓவர்தான், ஒத்துக்கறேன்.

என்னை முடிவு பண்ண வச்சது ஜனங்க கைல தேங்கிக் கெடந்த ரூபிள். சம்பளம் ஏறிட்டே போகுது, பட்ஜெட்ல விழுற துண்டுக்கு நோட்டு அடிக்கறாங்க, ஆனா கடைல சரக்கு இல்ல. ரிஷ்கோவ் என்ன பண்ணாரு, 1990 மே மாசமே ஜூலை 1லேர்ந்து ரொட்டி விலை மூணு மடங்குன்னு அறிவிச்சாரு. ஒரு மாசம் முன்னாடியே தேதி சொன்னா ஜனம் சும்மா இருக்குமா? மாஸ்கோ கடைங்கள தொடச்சு எடுத்துட்டாங்க, கடைசில மாஸ்கோக்காரன்னு உள்நாட்டு பாஸ்போர்ட்டைக் காட்டினாத்தான் சரக்குன்னு ஆயிருச்சு. விலையும் ஏறல, அவங்க நாடாளுமன்றமான உச்ச சோவியத் ஒத்துக்கல.

500 நாள் ஆளுங்க வரிசையவே மாத்துனாங்க. மொதல்ல அரசோட வீடு, லாரி, சின்னக் கடையெல்லாம் ஜனங்களுக்கே வித்து அந்த ரூபிளை உறிஞ்சணும், ராணுவம், உளவுத்துறை கேஜிபி, வெளிநாட்டு உதவின்னு போற செலவை வெட்டணும், அப்பறமா விலையை படிப்படியா அவுத்து விடணும்.

ஓட்டை இல்லாமயும் இல்ல. வரி போடற அதிகாரம் ரஷ்யா மாதிரி யூனியனுக்குள்ள இருந்த குடியரசுங்க கைக்குப் போயிரும், அப்பறம் யூனியனுக்கு என்ன மிஞ்சும்னு எதிர் டீம் கேட்டப்ப நான் திணறிட்டேன். பேப்பரோட நின்ன திட்டம், ஓடியிருக்கும்னு சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன்.

சோவியத் அதிபர் கோர்பச்சேவ் ரெண்டையும் சேத்து ஒரு கலவை போடச் சொன்னாரு, முள்ளெலிக்கும் பாம்புக்கும் ஜோடி சேக்கற கதைன்னு ரஷ்யக் குடியரசோட தலைவர் யெல்ட்சின் நக்கலடிச்சாரு. அக்டோபர்ல கலவை பாஸாச்சு, யாவ்லின்ஸ்கி ரஷ்யக் குடியரசோட துணைப் பிரதமர் பதவிய ராஜினாமா பண்ணிட்டாரு. 1991 ஜனவரில புது பிரதமர் பாவ்லவ் பழைய 50, 100 ரூபிள் நோட்டு செல்லாதுன்னு ராத்திரியோட ராத்திரியா அறிவிச்சு, மாத்திக்க மூணே நாள் குடுத்தாரு. ஆக அரசாங்கமும் ரூபிளை உறிஞ்சத்தான் பாத்தாங்க, பதிலுக்கு வீடும் தரல லாரியும் தரல.