கண்ணாடிப் பெட்டி: ஐந்துக்கு மூன்றரை

பக்கவாதத்தில் என் கணவரின் வலது கை விழுந்து எட்டு மாதம் ஆகிறது. இயன்முறை மருத்துவர் சொல்லி, மடக்கும் கண்ணாடிப் பெட்டியை இணையத்தில் 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். வராத கையைப் பெட்டிக்குள் மறைத்து, நல்ல கையை அசைத்தபடி கண்ணாடியையே பார்க்க வேண்டும். செயலிழந்த கையே அசைவதாக மூளை நம்புமாம். முதல் நாள் இவர் சிரித்துவிட்டார், “என்ன, சர்க்கஸா?” என்று.

சர்க்கஸ் இல்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ்.ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கையில் வலி உணர்பவர்களுக்காக உருவாக்கிய உத்தி இது. 1999இல் பக்கவாதம் வந்த ஒன்பது பேரிடம் சோதித்தார்கள். 2018இல், மருத்துவச் சோதனைகளை ஒன்றுதிரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வு 62 சோதனைகளைத் தொகுத்து, வழக்கமான சிகிச்சையோடு சேர்த்தால் அசைவு மேம்படக்கூடும் என்றது.

இனி பெட்டிக்கு வருகிறேன். கண்ணாடி என்கிறார்கள், அக்ரிலிக் தகடுதான். ஓரத்தில் பிம்பம் நெளிகிறது. விரல்கள் பாகற்காய் போல் தெரிகின்றன. நம்ப வேண்டிய மூளை எப்படி நம்பும்? பழைய பீரோ கண்ணாடியை வெட்டி, ஓரத்தைத் தேய்த்துப் பொருத்திக்கொண்டோம். மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவிட வேண்டும் என்ற முக்கியமான குறிப்பு கையேட்டில் இல்லை. நல்ல கையின் மோதிரம் கண்ணாடியில் தெரிந்தால், அது வராத கையாகத் தோன்றாதே! பெட்டியை மடக்கி பீரோவுக்கடியில் தள்ள முடிகிறது, அது வசதி.

தினமும் இருபது நிமிடம், ஏழு வாரம். கட்டைவிரல் கொஞ்சம் மடங்குகிறது. கூடவே மற்ற பயிற்சிகளும் நடப்பதால் முழுப் புகழையும் பெட்டிக்குத் தரமாட்டேன். நேற்று சாவிக்கொத்தைப் பிடித்தார். கீழே போட்டார். மறுபடியும் கேட்டார்.