சின்ன ஊர்த் துருக்கி உணவகத்தில் ஒரு மாலை: மெஸேயா, கபாபா?

நாலு பேராகப் போனால் நான் மெஸே பக்கம்தான். மெஸே என்றால் பகிர்ந்து சாப்பிடும் சிறு பதார்த்தங்கள்: ஹும்முஸ் என்னும் கொண்டைக்கடலை மசியல், சுட்ட கத்தரிக்காய் மசியல், ஹைதாரி என்று சின்னச் சின்னத் தட்டுகள் மேசை நடுவில் வந்துவிடும். ஹைதாரி என்பது நீர் வடித்த கெட்டித் தயிரில் பூண்டும் புதினாவும் சேர்த்தது. மேலே ஆலிவ் எண்ணெய் குளம் கட்டி நிற்கும். சூடான ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுக்கொண்டே பேசினால் நேரம் போவதே தெரியாது. கூட்டம் குறைந்த சின்ன ஊர்க் கடைக்கு இதுதான் பொருத்தம், அவசரப்படுத்த மாட்டார்கள்.

நல்ல பசியோடு ஒருவர் இருவராகப் போனால் கபாப். அதில் அடானா, உர்ஃபா என்று இரண்டு வகை: அடானாவில் மிளகாய்க் காரம் தூக்கல், உர்ஃபா சாந்தம். கொத்திய ஆட்டிறைச்சியோடு வால்கொழுப்பைப் பிசைந்து, அகலமான இரும்புக் கம்பியில் அப்பி, கரியில் சுடுவார்கள். கொழுப்பு உருகிக் கரியில் சொட்டும்போது எழும் புகைதான் அதன் ருசியே. தட்டு வந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். ஆறினால் கொழுப்பு உறைந்துவிடும், அரட்டைக்குக் காத்திருக்காது. கரியடுப்பு இல்லாத கடையா? யோசிக்காமல் மெஸே சொல்லுங்கள்.

எதைச் சாப்பிட்டாலும் கடைசியில் இடை குறுகிய கண்ணாடிக் குவளையில் பால் சேர்க்காத தேநீர் குடிக்காமல் எழுந்திருக்காதீர்கள்.