பள்ளிக்குச் செல்லும் கலைஞருக்கு ஒரு சான்றிதழ்: தாதர் வார இறுதிப் பயிற்சி, ஒரு மதிப்புரை

மும்பைப் பள்ளிகளில் நடனமும் இசையும் நாடகமும் ஓவியமும் கற்பிக்கச் செல்லும் கலைஞர்களுக்கென்று தாதரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் ஐந்து மாதச் சான்றிதழ்ப் பயிற்சியைச் சென்ற ஆண்டு முடித்தேன். செம்பூரில் பரதநாட்டிய வகுப்பு நடத்திக்கொண்டு, ஒப்பந்த அடிப்படையில் பள்ளிகளுக்கும் போய்வருகிறவள் நான். மாட்டுங்காவிலும் முலுண்டிலும் இதே தொழிலில் இருக்கும் தோழிகள் "அதனால் பயன் உண்டா, பள்ளியில் சம்பளம் கூடுமா" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், அனைவருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லவிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். கட்டணம் 38,000 ரூபாய். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 44,840 ரூபாய். ஒப்பந்தக் கலைஞர் ஒருவருக்கு இது சிறிய தொகை அன்று.

இப்படி ஒரு பயிற்சிக்கு ஏன் தேவை ஏற்பட்டது என்பதை முதலில் விளக்க வேண்டும். மும்பையில் நடனமும் இசையும் பயிலும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் அகில பாரதிய காந்தர்வ மகாவித்யாலய மண்டலத்தின் தேர்வுகளை எழுதுகிறார்கள். விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901-இல் லாகூரில் தொடங்கிய பள்ளியின் வழிவந்த அமைப்பு அது. பிராரம்பிக்கில் தொடங்கி மத்யமா, விஷாரத், அலங்கார் என்று படிப்படியாக உயரும் அந்தத் தேர்வுகள் ஒருவருடைய ஆட்டத்தையும் சாத்திர அறிவையும் நன்றாகவே சோதிக்கின்றன. ஆனால் நாற்பது பிள்ளைகள் நிற்கும் ஏழாம் வகுப்பை முப்பத்தைந்து நிமிடத்தில் எப்படி நடத்துவது என்பதை அவை சோதிப்பதில்லை. அதற்காக ஏற்பட்டவையும் அல்ல. ஓவியர்களுக்கு மகாராஷ்டிர அரசின் கலை ஆசிரியர் பட்டயம், அதாவது பலரும் ஏ.டி.டி. என்று சொல்லும் படிப்பு, ஜே.ஜே. கலைப் பள்ளி போன்ற இடங்களில் இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளில் காட்சிக் கலைக்கும் நிகழ்த்துக் கலைக்கும் தனித்தனியே இரண்டாண்டுப் பட்டயப் படிப்புகள் இடம்பெற்றுள்ளன. அரங்கேற்றம் முடித்து, வகுப்பு நடத்தி, குடும்பத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் நாற்பது வயதுக் கலைஞர் இரண்டு ஆண்டுகள் முழுநேரமாகப் போய் உட்கார முடியுமா? அவருக்காகத்தான் இந்த வார இறுதி வகுப்பு.

பயிற்சியில் நான்கு பகுதிகள் உண்டு: குழந்தை வளர்ச்சியும் பாடத்திட்டமும், பாதுகாப்பும் சட்டமும், பள்ளியில் மேற்பார்வையுடன் எடுக்கும் ஆறு வகுப்புகள், இறுதியாகக் கோப்பும் வாய்மொழித் தேர்வும். முதல் பகுதியின் உளவியல் பாடங்கள் பி.எட். வழிகாட்டி நூல்களின் சுருக்கமாக இருந்தன. அவற்றைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

கட்டணம் முழுவதையும் மேற்பார்வை வகுப்புகளுக்காகவே கொடுத்ததாக நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன். எங்கள் குழுவுக்கு ஒதுக்கப்பட்டது தாராவியில் மாநகராட்சி நடத்தும் தமிழ்வழிப் பள்ளி ஒன்று. மேற்பார்வையாளர் ஓய்வுபெற்ற மராத்தி இசை ஆசிரியை. பரதநாட்டியத்தில் அவருக்குப் பழக்கம் இல்லை. இது குறையென்று தொடக்கத்தில் சிலர் முணுமுணுத்தார்கள், ஆனால் அதுவே நல்லதாக அமைந்தது. அரைமண்டி (முழங்காலை விரித்துப் பாதி அமர்ந்த நிலை) சரியாக இருக்கிறதா, முத்திரை திருத்தமாக விழுந்ததா என்று அவர் பார்க்கவே இல்லை. பின்வரிசையில் அமர்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை பிள்ளைகள் அசைந்துகொண்டிருக்கிறார்கள், யார் பேசுகிறார்கள், எந்தப் பிள்ளையின் பெயர் இதுவரை ஒருமுறைகூட அழைக்கப்படவில்லை என்பவற்றை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே இருந்தார். வகுப்பு முடிந்ததும் கருத்து எதுவும் சொல்லாமல் அந்தத் தாளை நம் கையில் கொடுத்துவிடுவார்.

எங்கள் குழுவில் அலங்கார் முடித்த கதக் கலைஞர் ஒருவர் இருந்தார். மேடையில் கண்ணை எடுக்க முடியாத ஆட்டம் அவருடையது. அவர் எடுத்த முதல் வகுப்பின் தாளைப் பார்த்தபோது, முப்பத்தைந்து நிமிடத்தில் பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கவே ஆறு நிமிடமும், கதக்கின் மரபுவழிப் பாணிகளில் ஒன்றான லக்னோ கரானாவின் வரலாற்றுக்கு ஏறக்குறைய இருபது நிமிடமும் சென்றிருந்தது தெரிந்தது. பிள்ளைகள் காலைத் தட்டியது எஞ்சிய சில நிமிடங்களில்தான். குருவின் முன்னால் ஒருவர் ஆடப் பிறர் பார்த்துக் கற்கும் முறையில் வளர்ந்தவர்களுக்கு, அனைவரும் ஒரே நேரத்தில் ஏதேனும் செய்துகொண்டிருக்க வேண்டிய வகுப்பறை எளிதில் வசப்படுவதில்லை. பிறகு மேற்பார்வையாளர் சொல்லித்தந்த வழி மிக எளியது: முன்வரிசை ஆடும்போது பின்வரிசை ஆட்டத்துக்கான தாளச் சொற்களான சொற்கட்டைச் சொல்லட்டும், நடுவரிசை தாளம் போடட்டும், பிறகு வரிசைகள் இடம் மாறட்டும். "தெய்யா தெய்" என்ற சொல்லை நாற்பது குரல்கள் சேர்ந்து சொல்லும்போது ஆசிரியர் தாளம் தட்டும் தட்டுக்கழியின் ஓசையே கேட்பதில்லை. அடுத்த வகுப்பில் அந்தக் கதக் கலைஞர் இதே முறையைத் தத்காருக்கு, அதாவது கதக்கின் காலடித் தட்டுக்கு, எடுத்துக்கொண்டார். அவருடைய இரண்டாவது தாளில் பிள்ளைகள் சும்மா நின்ற வெற்றிடம் அதிகம் இல்லை.

இந்த வகுப்புகளில் ஒன்று கலையையும் வேறொரு பாடத்தையும் இணைத்து எடுக்கப்பட வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 2020-21 முதல் கலை இணைந்த செயல்திட்டம் கட்டாயம் என்பது பெற்றோர் பலருக்கும் தெரிந்ததே. மாநிலங்களை இணை சேர்த்து ஒன்றன் பண்பாட்டை மற்றொன்று அறியச்செய்யும் 'ஏக் பாரத் ஸ்ரேஷ்ட பாரத்' திட்டத்தில் மகாராஷ்டிரத்துக்கு இணை மாநிலம் ஒடிசா என்பதால், இந்நகரப் பிள்ளைகளின் சார்ட் தாள்களில் பட்டசித்திரமும் கோனார்க் சக்கரமும் ஆண்டுதோறும் தவறாமல் வந்துவிடுகின்றன. பாதியை அம்மாக்கள் வரைகிறார்கள் என்பது தனிக் கதை. இந்தப் பயிற்சியின் மதிப்பீட்டுப் படிவம் அத்தகைய அலங்காரத்துக்கு மதிப்பெண் தருவதில்லை. "கலையை எடுத்துவிட்டால் இந்தப் பாடத்தில் எது குறையும்?" என்பது அதன் முதல் கேள்வி. ஒரே அடவை (அடிப்படை ஆட்ட அசைவை) முக்காலத்தில், அதாவது மூன்று வேகங்களில், ஆடும் பிள்ளைக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்னும் விகிதம் காலிலேயே புரிகிறது. ஒரு குழு திஸ்ரத்தையும் (மும்மூன்று எண்ணிக்கை) மற்றொரு குழு சதுஸ்ரத்தையும் (நந்நான்கு எண்ணிக்கை) ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினால், பன்னிரண்டு மாத்திரை முடிந்து இரு குழுவும் ஒன்றாகச் சமத்துக்கு, அதாவது தாளத்தின் தொடக்கத்துக்கு, வரும் இடத்தில் மீச்சிறு பொது மடங்கைப் பலகையில் எழுத வேண்டிய தேவையே இருப்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடை தரும் பாடம் இது. கீர்த்தனையின் சாகித்தியத்தில் ஊர்ப்பெயர் வருகிறது என்பதற்காகப் புவியியலோடு இணைத்த பாடத்துக்கு அப்படி விடை இல்லை, மதிப்பெண்ணும் கிடைக்கவில்லை.

பாதுகாப்புப் பாடத்தை நடத்தியவர் வழக்கறிஞர் ஒருவர். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில், குழந்தைக்கு எதிரான அத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தவர் 19-ஆம் பிரிவின்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பதும், தெரிவிக்கத் தவறினால் 21-ஆம் பிரிவின்படி சிறைத்தண்டனை வரை செல்லலாம் என்பதும், பல ஆண்டுகளாகப் பள்ளிகளுக்குப் போய்வரும் கலைஞர்களில் பலருக்கு அன்றுதான் தெரியவந்தன. நடன ஆசிரியர்களுக்கு இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. முதுகை நிமிர்த்தவும் முழங்காலை விரிக்கவும் தொட்டுத் திருத்துவது எங்கள் வழக்கம். குருகுலத்தில் யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை. தொடுவதற்கு முன் கேட்பது, கண்ணாடியையோ சக மாணவியையோ காட்டித் திருத்துவது, உடை மாற்றும் அறைக்குள் தனியே செல்லாமல் இருப்பது, வகுப்பின் கதவைத் திறந்தே வைப்பது ஆகிய நடைமுறைகளை அவர் கூச்சமின்றி, அதே நேரத்தில் எவரையும் குற்றவாளிபோல் பார்க்காமல் விளக்கினார். இந்த ஒரு பாடத்தை மட்டும் தனியே எடுத்து, ஆண்டு விழாவுக்கு நடனம் அமைக்கவரும் ஒவ்வொருவருக்கும் பள்ளிகள் தம் செலவிலேயே நடத்தலாம்.

பிற நாடுகளின் நிலையைச் சொல்லும் பாடமும் சுவையானதுதான். இங்கிலாந்தில் இசை கற்பிக்கும் கலைஞர்களுக்கென்று டிரினிட்டி போன்ற தேர்வமைப்புகள் நான்காம் நிலைச் சான்றிதழ் (பல்கலைக்கழக முதலாண்டுக்கு இணையான தரம்) வழங்குகின்றன. பணியில் இருந்துகொண்டே, தாம் எடுக்கும் வகுப்புகளைக் கொண்டே அதைப் பெறலாம். கலிபோர்னியாவில் நடனத்துக்கும் நாடகத்துக்கும் தனி ஆசிரியர் உரிமம் இல்லாமல் நடனம் உடற்கல்வியிலும் நாடகம் ஆங்கிலத்திலும் அடங்கியிருந்தன. அவற்றுக்குத் தனி உரிமம் ஏற்படுத்தும் சட்டம் 2016-இல்தான் வந்தது. இதைக் கேட்டபோது, எங்கள் பள்ளிகளில் நடன வகுப்புக்குப் பி.டி. ஆசிரியரின் கையொப்பம் கேட்பது நினைவுக்கு வந்து வகுப்பே சிரித்தது. ஆனால் இவ்வளவு நேரம் வெளிநாட்டுக்குச் செலவிட்டவர்கள், 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை உள்ளூர்க் கலைகளில் வல்லவர்களைப் பள்ளிகள் பயிற்றுநர்களாக அமர்த்திக்கொள்ள ஊக்குவிப்பதைப் பற்றி ஒரே ஒரு படத்தாளோடு கடந்துபோனார்கள். நமக்கு வேலைவாய்ப்பு வரக்கூடிய வாசல் அதுதான்.

இங்கிருந்து என் குறைகள் தொடங்குகின்றன. இறுதிக் கோப்பு முழுவதும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது விதி: பாடத்திட்டங்கள், ஒவ்வொரு வகுப்புக்கும் எழுதும் மறுசிந்தனைக் குறிப்பு, ஆயிரம் சொற்களில் 'என் கற்பித்தல் கொள்கை' என்று ஒரு கட்டுரை. எங்கள் குழுவில் தாராவியிலிருந்து வந்த பறைக் கலைஞர் ஒருவர் இருந்தார். மேற்பார்வையாளரின் தாளில் அதிகம் நிரம்பியிருந்தது அவருடைய வகுப்புதான். உள்ளங்கையால் பெஞ்சைத் தட்டவைத்தே மூன்று அடிகளை முழு வகுப்பின் கைக்கும் கொண்டுவந்துவிட்டார், கருவியைக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் எடுத்தார். அவரிடம் கோப்பு இல்லை. தமிழிலோ மராத்தியிலோ எழுதித்தரலாமா என்று கேட்டதற்கு, வெளி மதிப்பீட்டாளருக்குப் புரியாது என்று பதில் வந்தது. அவர் 'பங்கேற்புச் சான்று' என்ற தாளோடு போனார். ஆங்கிலத்தில் கோவையாக எழுதத் தெரிந்த நாங்கள் 'சான்று பெற்ற கலைக் கல்வியாளர்' ஆனோம். கற்பிக்கும் திறனை அளக்கிறோம் என்று அறிவித்த பயிற்சி கடைசியில் எழுதும் திறனை அளந்ததை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. வகுப்புகளின் ஒளிப்பதிவையும் வாய்மொழித் தேர்வையும் கொண்டே முடிவு செய்திருக்கலாம். இரண்டும் ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தன.

அடுத்தது, சான்றிதழின் மதிப்பு. விளம்பரத் தாளில் 'தேசிய அளவிலான' என்ற அடைமொழி பெரிய எழுத்தில் இருக்கிறது. எந்த அரசுத் துறையோ பல்கலைக்கழகமோ இதை ஏற்றிருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டபோது, இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த நேர்மை பாராட்டத்தக்கது, ஆனால் அதை விளம்பரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நிரந்தரப் பணியிடத்துக்கு விண்ணப்பிக்கும்போது இது பட்டயத்துக்கோ பி.எட்.டுக்கோ ஈடாகாது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 4,000 ரூபாய் கட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் சேரும்போது யாரும் எடுத்துச் சொல்லாத செய்தி. மேற்கொண்டு பயிற்சி எதுவும் தராமல் பணத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் புதுப்பித்தலை நான் செய்யப்போவதில்லை.

ஒப்பந்தம், ஊதியம் பற்றிய பாடம் அரை நாளுக்குள் முடிந்துவிட்டது. தொழில்முறைக் கட்டணம் என்ற தலைப்பில் பள்ளிகள் பிடிக்கும் 10 விழுக்காடு வரியைக் கணக்குத் தாக்கல் செய்து எப்படித் திரும்பப் பெறுவது, ஒத்திகைக்கென்று கூடுதலாக அழைக்கப்படும் நாட்களுக்கு எப்படிக் கட்டணம் கேட்பது, கோடை விடுமுறையில் ஊதியம் நின்றுவிடுவதை ஒப்பந்தத்திலேயே எப்படிச் சமாளிப்பது என்றெல்லாம் கேட்கக் காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். தோழிகள் கேட்ட கேள்விக்கும் இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன்: நான் செல்லும் ஒரு பள்ளியில் கட்டணத்தைச் சற்று உயர்த்தினார்கள். அது சான்றிதழைப் பார்த்து அன்று. புதிய பாடத்திட்டங்களை முதல்வர் அம்மையார் வகுப்பில் அமர்ந்து பார்த்த பிறகே. மற்றொரு பள்ளியில் சான்றிதழின் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஏற்கெனவே பி.எட். முடித்தவர்களுக்கு இப்பயிற்சி தேவையில்லை. அரசு வேலையை மனத்தில் வைத்துச் சேர நினைப்பவர்கள் அந்த 44,840 ரூபாயை வேறு படிப்புக்குச் சேமித்து வைப்பது நல்லது. மேடையில் தேர்ந்து, பள்ளி வகுப்பறையில் மட்டும் திணறுகிறவர்கள் தயங்காமல் சேரலாம். சேர்வதற்கு முன் மேற்பார்வை வகுப்புகள் எந்தப் பள்ளியில், எந்த வகுப்புக்கு, யார் முன்னிலையில் நடக்கும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தனியார் பள்ளியில் பதினைந்து பிள்ளைகளோடு நடக்கும் என்றால் பயன் குறைவு. அடுத்த அணியிலிருந்து கோப்பை மராத்தியிலும் இந்தியிலும் தரலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். தமிழுக்கும் மதிப்பீட்டாளர் ஒருவரை ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் இதை நம்பிச் சேர்வதானால், கட்டணத்தின் முதல் தவணையைச் செலுத்துவதற்கு முன்பே அந்த உறுதியை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.