14 ஆண்டு ஓவர்கிளாக்கிங்: வேகம் பற்றிக் குறையில்லை, எஃப்1 பொத்தான் பற்றித்தான்

சென்ற மாதம் என் கணினியின் மதர்போர்டில், அதாவது தாய்ப்பலகையில், உள்ள சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் கணினியின் தேதி 2011 ஜனவரிக்கே திரும்பத் தொடங்கியது. தேதி தவறாக இருந்ததால் எந்த இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழையும் உலாவி நம்பவில்லை. மின் கட்டணம்கூடக் கட்ட முடியாமல் பழுது பார்ப்பவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அதே வாரத்தில் நண்பர் ஒருவர், கல்லூரியில் சேர்ந்திருக்கும் தன் மகனுக்குப் புதுக் கணினி வாங்க இருப்பதாகவும், பிராசசரை ஓவர்கிளாக் செய்யலாமா, அதாவது நிறுவனம் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டலாமா என்று பையன் நச்சரிப்பதாகவும் சொல்லி, இத்தனை வருடம் ஓட்டியவன் என்ற முறையில் என் கருத்தைக் கேட்டார். தொலைபேசியில் "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அது பாதி உண்மைதான் என்பதால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது இன்டெல் கோர் ஐ5-2500கே பிராசசர். 2011இல் சென்னை ரிச்சி தெருவில் வாங்கித் திருச்சிக்குப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது. அதன் விவரக்குறிப்புகளைத் தெரியாதவர்கள் இதைப் படிக்கப் போவதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். பெயரின் கடைசியில் நிற்கும் அந்த 'கே' என்ற எழுத்தைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். அறிமுக விலையில் சாதாரண 2500க்கும் 2500கேவுக்கும் இருந்த வித்தியாசம் 11 டாலர்தான். அந்தத் தலைமுறையில் அடிப்படைக் கடிகாரமான 100 மெகாஹெர்ட்ஸில் கைவைத்தால் ஹார்ட் டிஸ்க் இணைப்பு முதல் கிராஃபிக்ஸ் அட்டை மாட்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வரை எல்லாம் சேர்ந்து நகரும் என்பதால், அதைச் சில சதவீதத்துக்கு மேல் உயர்த்த முடியாது. ஆகவே வேகத்தைப் பெரிதாக உயர்த்த, பெருக்கி எண் (அடிப்படைக் கடிகாரத்தை இதனால் பெருக்கினால் வருவதே பிராசசரின் வேகம்) பூட்டப்படாத 'கே' வகை ஒன்றுதான் வழி. 1998இல் செலரான் 300ஏ பிராசசர் வைத்திருந்தவர்கள் பஸ் வேகத்தை (அன்றைய அடிப்படைக் கடிகாரம்) 66இலிருந்து 100க்கு மாற்றி 450 மெகாஹெர்ட்ஸ் எடுத்ததைப் பெருமையாகச் சொல்வார்கள்; அவர்களுக்கு அது இலவசமாகக் கிடைத்தது, எங்களிடம் அதற்கு 11 டாலர் வாங்கினார்கள்.

பயாஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரையில், பெருக்கி எண் 33 என்பதை 44 ஆக்கினேன். அவ்வளவுதான் வேலை. நான்கு கோர்களும் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) உழைக்கும்போது தானாக 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே போகும் பிராசசர், நான்கிலும் 4.4இல் நின்றது. திருமண வீடியோக்களைச் சுருக்கித் தருவது எனக்குப் பகுதிநேர வருமானம். ஒரு மணி நேரம் எடுத்த வேலை 47 நிமிடத்தில் முடிந்தது. காகிதத்தில் 29 சதவீதம் என்று வரும் கணக்கு கண்ணெதிரே அப்படியே நடந்ததைப் பார்த்த அன்றைய மகிழ்ச்சியை, பிறகு வாங்கிய எந்தப் பொருளும் எனக்குத் தரவில்லை. முகூர்த்த மாதங்களில் இரவு ஏழெட்டு கோப்புகளை வரிசையில் போட்டுவிட்டுப் படுத்தால், விடியும்போது எல்லாம் தயாராக இருக்கும் என்பதுதான் ஏற்பாடு. அந்த ஏற்பாடு எப்படிக் கெட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வெப்பம் பற்றிப் பலரும் கேட்பார்கள். பிராசசர் இழுக்கும் மின்திறன் வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறும். மின்னழுத்தத்தோடு அதன் வர்க்கமாக ஏறும். 1.2 வோல்ட்டை 1.32 ஆக்கியதற்கே 21 சதவீதம் கூடுதல். 29 சதவீத வேகத்தையும் பெருக்கினால் ஒன்றரை மடங்குக்கு மேல் வருகிறது. நான்கு வெப்பக் குழாய்களும் 120 மி.மீ. விசிறியும் கொண்ட கூலர் அதைத் தாங்கியது. ஆனால் கூலரால் அறையின் வெப்பத்துக்குக் கீழே போக முடியாது. அறை ஒரு டிகிரி ஏறினால் பிராசசரும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏறும். மார்கழியில் 63 டிகிரியில் நின்ற அதே வேலை, மின்விசிறியே அனல் வீசும் கத்திரி வெயிலில் 77ஐத் தொட்டது. ஆகவே பயாஸில் இரண்டு அமைப்புகளைச் சேமித்தேன்: 'மார்கழி' என்ற பெயரில் 4.4, 'சித்திரை' என்ற பெயரில் 4.2. வருடத்துக்கு இருமுறை மாற்றுவேன், பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே உள்ள தெர்மல் பேஸ்ட்டையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகப் பூசுவேன். இதெல்லாம் எனக்குத் தொல்லையாகவே தெரியவில்லை. மாட்டுக்குத் தீவனம் வைப்பது போலப் பழகிவிட்டது.

தொல்லை வேறு. மின்வெட்டு முடிந்து கணினி உயிர்பெறும்போது, திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் "ஓவர்கிளாக்கிங் தோல்வியடைந்தது, எஃப்1 பொத்தானை அழுத்துக" என்று காத்திருக்கும். தோல்வி ஒன்றும் அடையவில்லை. பிராசசரைக் கசக்கிச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளை ஒரு வாரம் விடாமல் ஓட்டிச் சரிபார்த்த வேகம் அது. மின்சாரம் போனதற்குப் பிராசசர் என்ன செய்யும்? ஆனால் மதர்போர்டு அதைக் கேட்காது. எல்லா அமைப்புகளையும் துடைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுபோய்விட்டு, ஆள் வந்து பொத்தானை அழுத்தும் வரை இரவு முழுதும் சும்மா நிற்கும்.

2012ஐ நினைவுள்ளவர்களுக்கு இதன் கனம் புரியும். சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் இல்லாத மாதங்கள் அவை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. ஆனால் அது மாறிக்கொள்ள எடுக்கும் நேரத்தை, கணினிக்குள் மின்சாரம் வழங்கும் என் எஸ்எம்பிஎஸ் தாங்கவில்லை. தாக்குப்பிடிக்க அதற்கு இருக்கும் அவகாசம் ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. இன்வெர்ட்டரின் பின்பக்கத்தில் உள்ள பொத்தானை 'யூபிஎஸ்' பக்கம் தள்ளினால் விரைவாக மாறும் என்பதே எனக்கு ஓராண்டு கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் காலையில் எழுந்து அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டாருக்கு எத்தனை பொய் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

முதல் முறை நடந்ததை மறக்க முடியாது. அமைப்புகளை மீட்டபோது, ஹார்ட் டிஸ்க் இயங்கும் முறையையும் ஏஎச்சிஐயிலிருந்து பழைய ஐடிஇக்கு மதர்போர்டு மாற்றிவிட்டது. விண்டோஸ் பாதி ஏறி நீலத்திரையில் விழுந்தது. டிஸ்க் போய்விட்டது, இரண்டு கல்யாணங்கள் அதோடு போய்விட்டன என்று நடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். விஷயம் ஒரே ஒரு வரி அமைப்பு என்று தெரிய அரை நாள் ஆயிற்று. பிற்காலத்தில் சேமித்த 'மார்கழி'யை அழைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றாலும், அதை அழைக்க நான் வீட்டில் இருக்க வேண்டும். வெளியூரில் இருக்கும்போதெல்லாம் அப்பா தொலைபேசியில் அழைத்து, "உன் கம்ப்யூட்டர் மறுபடி எஃப் ஒன் கேக்குதுப்பா" என்பார், வாசலில் கடன்காரன் நிற்பதைச் சொல்லும் குரலில்.

இனி நியாயமாகவும் பேச வேண்டும். மதர்போர்டு நிறுவனம் இதை என்னை வதைக்கச் செய்யவில்லை. கணினி தன்னைச் சோதித்துக்கொண்டு எழும் முதல் சில நொடிகளில் பயாஸ் ஒரு குறி வைக்கிறது, சோதனை முடிந்ததும் அதை அழிக்கிறது. அடுத்த முறை எழும்போது குறி அழியாமல் இருந்தால், சென்ற முறை பாதியில் உறைந்துவிட்டது, வேகம் தாங்கவில்லை என்று முடிவுசெய்கிறது. இந்தக் காவல் இல்லாவிட்டால் ஒரு தவறான எண்ணைப் போட்டுவிட்டு, கேபினெட்டைத் திறந்து பேட்டரியைக் கழற்றி மாட்டித்தான் மீள வேண்டியிருக்கும். முதல் வாரத்தில் நான் 48 என்று பேராசைப்பட்டபோது என்னைக் காப்பாற்றியதும் இதே குறிதான். ஆனாலும் மின்சாரம் அறுந்ததைக் குறித்துவைக்க இன்டெல் சிப்செட்டிலேயே தனி பிட் இருக்கிறது. அதைப் படித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல பயாஸ் எழுதியவருக்கு என்ன கேடு?

சென்ற மாதம் பேட்டரியை மாற்றிய பையன், பயாஸைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆகுற மாதிரி வெச்சிருக்கீங்களே சார், வந்து வந்து போனா பாதியில அறுந்துராதா?" என்று கேட்டான். இரவு வேலை தடைபடக்கூடாது என்று 2011இல் நானே வைத்த அமைப்பு அது. எங்கள் பகுதியில் மின்சாரம் ஒரே தடவையாகத் திரும்பாது. வரும், மூன்று நொடியில் போகும், மறுபடி வரும். முதல் வருகையில் கணினி எழத் தொடங்குகிறது, குறி வைக்கிறது, மின்சாரம் போகிறது. 14 ஆண்டு வழக்கில் முதல் குற்றவாளி நான்தான். பேட்டரிக்கு 30 ரூபாய் வாங்கினான், இதற்கு ஒன்றும் வாங்கவில்லை. அந்த அமைப்பை அணைத்து மூன்று வாரமாயிற்று, எஃப்1 ஒருமுறைகூட வரவில்லை. கோபம் தணிந்திருக்க வேண்டும், தணியவில்லை, கூடியிருக்கிறது.

நண்பரின் மகனுக்கு: இப்போதைய பிராசசர்கள் தொழிற்சாலையிலிருந்தே தம் எல்லைக்கு அருகில் ஓடுகின்றன. கோர் ஐ9-14900கே பெட்டியிலிருந்து எடுத்தவுடனே 6 கிகாஹெர்ட்ஸைத் தொடும். எனக்குக் கிடைத்த 29 சதவீதம் உனக்குக் கிடைக்காது. நல்ல கூலர் வாங்கி, மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்து ஓட்டிப் பார், அறையும் சூடாகாது. மிச்சமாகும் பணத்தில் யூபிஎஸ் வாங்கு.

என் பிராசசரில் ஒரு குறையும் இல்லை. முதல் ஏழெட்டு ஆண்டுகள் வேறொன்றை வாங்கும் எண்ணமே வராமல் காத்தது. இப்போது விண்டோஸ் 11 அதை ஏற்பதில்லை, ஏவிஎக்ஸ்2 என்ற பிற்காலக் கட்டளைத் தொகுதியைக் கேட்கும் மென்பொருள்கள் திறப்பதில்லை, அது அதன் தவறல்ல. இருந்தும் மறுபடி 2011 வந்தால், அந்த 11 டாலரை மிச்சம்பிடித்துச் சாதாரண 2500ஐயே வாங்குவேன், நிம்மதியாகத் தூங்குவேன். பேட்டரி மாற்றி வந்த அன்று மாலையே 'மார்கழி'யை ஏற்றிவிட்டேன். இதை எழுதும்போது 4.4இல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.