சர்வே ஃபாரமா, வாழ்க்கைக் கதையா?

திருப்பூர் பனியன் கம்பெனிப் பெண்களைப் பற்றிய என் ஆய்வுக்கு இரண்டையும் செய்து பார்த்தேன். முதலில் 120 பேரிடம் ஃபாரம். பிறகு அவர்களிலேயே 14 பேரிடம் உட்கார்ந்து வாழ்க்கைக் கதை. எத்தனை சதவீதம் என்ற கேள்விக்கு ஃபாரம்தான். 14 கதையை வைத்துக்கொண்டு சதவீதம் பேசினால் வைவாவில் (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில்) கிழித்துவிடுவார்கள். இருந்தாலும், ஒன்றைத்தான் செய்யலாம் என்றால் நான் கதைப் பக்கம்.

காரணம் ஒரே ஒரு சொல். ஃபாரத்தில் ‘கடன் உண்டா?’ என்று ஒரு கட்டம் இருந்தது. செக்கிங் பார்க்கும் அக்கா ஒருவர் இல்லை என்றார். டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். மூன்று மாதம் கழித்து அவரே கதை சொல்லும்போது, ஓவர்டைம் பற்றிப் பேச்சு வந்தது. “பக்கத்து ஊட்டுல வாங்குன கைமாத்து நிக்குதே கண்ணு.”

“கடன் இல்லைன்னீங்களே அக்கா?”

“இது கைமாத்து. கடன்னா வட்டிக்கு வாங்கறது.”

அன்று இரவு பழைய பதிவுகளை மறுபடி போட்டுக் கேட்டேன். பலருடைய பேச்சில் கைமாத்து இருந்தது. என் காதில்தான் விழவில்லை. ஃபாரங்களைப் புரட்டினால் ‘இல்லை’, ‘இல்லை’ என்றே போனது. அதற்குமேல் அவற்றிடம் எதையும் கேட்க முடியாது. எனக்குத் தோன்றாத கேள்விக்கான பதிலும் ஒலிப்பதிவில் கிடக்கிறது. சமூகவியலாளர்கள் தாமஸும் ஸ்னானியெக்கியும் அமெரிக்காவுக்குப் போன போலந்துக் குடியானவர்களைப் பற்றி 1918-20இல் ஐந்து தொகுதிகள் வெளியிட்டபோது, விளாடெக் என்பவரின் தன்வரலாற்றை நீளமாகவே அச்சில் ஏற்றினார்கள். அவர்கள் சொன்ன விளக்கத்தை ஏற்காதவரும் அதை எடுத்து வேறு விதமாக வாசித்துப் பார்க்கலாம்.

எத்தனை கதை போதும்? பிரெஞ்சு ரொட்டிக் கடைக்காரர்களிடம் கதை சேகரித்த சமூகவியலாளர் டேனியல் பெர்த்தோவின் வழி, கேட்டதே திரும்பத் திரும்ப வரும்வரை போவது. எனக்குப் பத்துப் பன்னிரண்டு பேரிலேயே அப்படி ஆனது. ஆனால் என் ஆட்கள் எல்லோரும் ஒரே ஊர், ஒரே தொழில். பல தொழில்கள் கலந்த கூட்டத்தில் இது எப்படிப் போகும் என்று அனுபவத்தில் சொல்ல என்னால் முடியாது.

இடுப்பை ஒடிப்பது, ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குவது. ஒரு மணி நேரப் பேச்சுக்கு எனக்கு ஆறு மணி நேரம் பிடித்தது. ஃபாரம் ஒரு வாரத்தில் எக்செலில் ஏறிவிட்டது. வருஷக் கணக்கிலும் கதை வழுக்கும். திருப்பூருக்கு வந்தது எப்போது என்றால், “மூத்தவ வயசுக்கு வந்த வருஷம்” என்றார் அதே அக்கா. கூட்டிக் கழித்தால் ஃபாரத்தில் அவரே சொன்ன வருஷத்தோடு ஒட்டவில்லை. கடைசியில் மகளின் டி.சி.யை எடுத்து வரச் சொல்லித்தான் தீர்த்தோம்.